பின்பக்கம் பார்த்து இறங்குகிறவர்

கிருஷிகா வேலைக்கு வந்த பன்னிரண்டாம் நாள், தன் கணவன் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறான் என்று சுவேதினி எண்ணத் தொடங்கினாள்.

காலை எட்டு மணியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பத்தொன்பது தடவை. எண்ணிக்கொண்டே நண்டுச் சதை பிரித்ததில் அவளுடைய இரண்டு டப்பாக்களில் ஓட்டுத் துண்டு கலந்துவிட்டது. மூன்று வருட வேலையில் அவளுடைய டப்பா திரும்பி வந்தது அன்றுதான் முதல் தடவை.

தாழ்வுபாடு வீதியில் இருந்த அந்த நண்டுத் தொழிற்சாலையில், சதை பிரிக்கும் மண்டபத்தின் கடைசி மேசை அவளுடையது. மேசைக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல். வெளியே முற்றம், முற்றத்தின் அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய குளிர் அறை. மாரி காலத்தில் கடல்தண்ணீர் முற்றம்வரை வந்துவிடும் என்பதால் அதை நெஞ்சளவு உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஏறி இறங்க ஒரு சிமெந்துச் சரிவு. எல்லாரும் அதை ஏத்தம் என்றார்கள். உறைந்த நண்டுப் பெட்டிகளை அந்த ஏத்தத்தால் இறக்கி லொறிக்குக் கொண்டுவருவது டிலுக்சனின் வேலை. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

குளிர் அறை திறந்த புதிதில் அவன் நேரே முன்னால் பார்த்துத்தான் இறங்கினான். சுவேதினிக்கு அது நன்றாக நினைவிருந்தது. பிறகு கொழும்புக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனான். திரும்பி வந்த அதே திங்கட்கிழமை, ஏத்தத்தின் அடியில் மஞ்சள் அங்கியும் கழுத்தில் விசிலுமாகக் கிருஷிகா நின்றாள். வண்டிக்குச் சைகை காட்டுகிற வேலை. பேசாலை ஊர்ப் பெண். கல்யாணம் ஆகாதவள். அவள் சிரித்தால் கண்ணாடியைத் தாண்டி மண்டபத்துக்குள் கேட்கும்.

அன்றிலிருந்துதான் டிலுக்சன் பின்பக்கமாக இறங்கத் தொடங்கினான்.

பெட்டிகள் அடுக்கிய பலகைத் தட்டை வண்டியின் இரண்டு இரும்புக் கைகளிலும் ஏந்திக்கொண்டு குளிர் அறை வாசலுக்கு வருவான். பெட்டிகள் மேல்பக்கம் இருக்க, வண்டியின் முதுகு கீழே பார்க்க, மெல்ல இறங்குவான். ஒரு கை ஸ்டியரிங்கில். மற்றக் கை இருக்கைக்குப் பின்னால் உள்ள பிடியில். இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதும் திரும்பியிருக்கும். முகம் நேரே ஏத்தத்தின் அடிக்கு. கிருஷிகா கையை உயர்த்துவாள், அசைப்பாள், மடக்குவாள். இவன் கண் வெட்டாமல் பார்த்தபடி வருவான். பின்னால் போகும்போது வண்டி எழுப்பும் பீப் பீப் சத்தம் ஒவ்வொன்றும் சுவேதினியின் காதில் ஊசியாக இறங்கும்.

இறங்கும்போது மட்டும் என்றால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். வெறும் வண்டியாக ஏறும்போதும் அவன் பின்பக்கமாகவே ஏறினான். இரும்புக் கைகளைக் கீழே நீட்டியபடி, மடுக் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முதுகு காட்டாமல் பின்னால் நடந்து வருகிற சனங்களைப் போல.

"பத்தொன்பது" என்றாள் சுவேதினி தன்னையறியாமல்.

"என்ன பத்தொன்பது?" எதிரே இருந்து சதை பிரித்துக்கொண்டிருந்த ரிஸ்னா கேட்டாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஒண்டுமில்லை."

ரிஸ்னா முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டி ஜன்னலைப் பார்த்தாள். "ஓ, அதுவோ. எண்ணுறதெண்டா முழுசா எண்ணு புள்ள. நேற்று ஒரு கழுதை வந்து ஏத்தத்தடியில நிண்டது. அதையும் உன்ர மனுசன் அப்பிடித்தான் பாத்தவர்."

"கழுதையின்ர கழுத்தில விசில் இல்லை."

"விசில்தான் பிரச்சினையெண்டா உனக்கும் ஒண்டு வாங்கித் தாறன். வீட்டில வைச்சு ஊது."

மேசை முழுவதும் சிரித்தது. சுவேதினியும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது நண்டுக் கால் ஒன்று கையுறையைக் குத்தி விரலில் இரத்தம் வந்திருந்தது.

அன்று மத்தியானம் டிலுக்சனின் சாப்பாட்டுப் பெட்டியில், அவள் வைக்காத இரண்டு பனங்காய்ப் பணியாரம் இருந்தது.

"இது எங்கால?"

"கிருஷிகாவின்ர அம்மா சுட்டவவாம். எல்லாருக்கும் குடுத்தவ. நல்லா இருந்தது, அதான் உனக்கெண்டு ரெண்டு வைச்சிருக்கிறன்."

நல்லா இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவளுடைய சமையலைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் "ம்" தான். சுவேதினி இரண்டு பணியாரத்தையும் வாசலில் நின்ற கழுதைக்குக் கொடுத்தாள். கழுதை ரசித்துச் சாப்பிட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வேலை விட்டதும் வழக்கம்போல அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வீட்டுக்குப் போனாள். வழி முழுவதும் அவள் கண்முன்னே இருந்தது அவனுடைய பின்தலை. வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம், சட்டைக் கழுத்தில் வியர்வை. தனக்கென்று கிடைத்தது இந்தப் பின்தலைதான் என்று நினைத்தாள். முகம் ஏத்தத்துக்குப் போய்விட்டது.

வீட்டில் டிலுக்சன் கிணற்றடியில் குந்தியிருந்து ஒட்டி மீனுக்குச் செதிள் தட்டினான். மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான். தாழ்வுபாட்டில் அதைச் சொல்லிக் கேலி செய்யாத வாயே இல்லை. ஃபோர்க்லிஃப்டில் ஏறிய பிறகுதான் அவன் நிமிர்ந்து நடந்தான். கொழும்பிலிருந்து தன் படம் ஒட்டிய ஓட்டுநர் கார்டைக் கொண்டுவந்த அன்று, அதை மாதா படத்துக்கு முன்னால் ஓர் இரவு வைத்திருந்தான். ஆனால் அங்கே என்ன படிப்பித்தார்கள் என்று அவள் கேட்டதற்கு, "மத்தியானம் புரியாணி தந்தவங்கள்" என்று மட்டும் சொன்னான். அவன் அப்படித்தான். பேச்சைக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும்.

"நாளையில இருந்து முன்னுக்குப் பாத்து இறங்குங்கோ" என்றாள் சுவேதினி.

கத்தி நின்றது. "எங்க இருந்து?"

"ஏத்தத்தில இருந்து."

"பாரம் இருக்கேக்க அப்பிடி இறங்கக் கூடாது."

"முந்தி இறங்கினனீங்கள்தானே."

"அது தெரியாமல் இறங்கினது. பாரம் எப்பவும் மேல்பக்கம்தான் இருக்கோணும். அதுதான் ரூல்."

"அவள் வந்த கிழமையே வந்த ரூலோ?"

பேச்சு எங்கே போகிறது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. விளங்கியதும் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் அவன் செய்த முதல் பிழை. பாரம் ஏன் மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று நிதானமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கேட்டிருக்கக்கூடும்.

"சிரியுங்கோ. வெறும் வண்டியா ஏறேக்கயும் அவளைப் பாத்தபடிதானே ஏறுறீங்கள். அதுக்கும் ரூல் இருக்கோ?"

"ஓம். அது மாறி."

"என்ன மாறி?"

"வெறும் வண்டியெண்டா இரும்புக் கை கீழ்ப்பக்கம். பாரமெண்டா மேல்பக்கம்."

"எப்பிடி மாத்தினாலும் கடைசியில முன்னுக்கு நிக்கிறது அவள்தான்."

"ஏறேக்க நான் மேலதானே பாக்கிறன், சுவேதி."

அவள் தேங்காய் திருவலையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நான்கு நாள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், சட்டை தோய்த்தாள், மோட்டார் சைக்கிளில் ஒரு சாண் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். அவனும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். கோயில் திருவிழாவுக்குச் சேலை எடுப்போமா என்றுகூடக் கேட்டான். அவளுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு. விசில் சத்தம். உயர்த்திய கை. திரும்பிய முகம். காலையில் தலை சீவும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இதில் என்ன குறைந்துவிட்டது என்று தேடினாள்.

வியாழக்கிழமை பின்னேரம், வீட்டு வாசலில் அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் கேட்டாள்.

"ஒரே ஒருக்கா. எனக்காக. அவளைப் பாராமல் ஒருக்கா இறங்கிக் காட்டுங்கோ. பிறகு நான் வாயே திறக்கன்."

அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அவளுடைய குரலைக் கேட்டு நான்கு நாளாகியிருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முற்றத்துக்குப் பொறுப்பான சரிபுதீன் நானா பன்னிரண்டரைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். போகும்போது வழக்கம்போல, "ஏத்தம் ஈரமா இருக்கு, அவசரமில்லை" என்று டிலுக்சனிடம் சொல்லிவிட்டுப் போனார். குளிர் அறைக் கதவு திறந்து திறந்து மூடியதில் பனித்தண்ணீர் வழிந்து சரிவு முழுவதும் மினுங்கியது.

சுவேதினி கையுறையை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, பீப் சத்தம் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, வண்டி நேரே முன்பக்கமாகக் குளிர் அறை வாசலுக்கு வந்தது. இரும்புக் கைகளில் ஆளுயரத்துக்குப் பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால் டிலுக்சன். அவனுக்கு முன்னால் பெட்டிகளைத் தவிர வேறொன்றும் தெரிய வழியில்லை. கிருஷிகா தெரியவே மாட்டாள்.

அவளுக்குள் ஏதோ இளகியது. செய்கிறார், எனக்காகச் செய்கிறார்.

வண்டி சரிவில் தலைகுனிந்தது. அந்த நேரம் டிலுக்சன் பக்கவாட்டில் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். நேரே அவளை. பார்த்தாயா என்பது போலப் புருவத்தை உயர்த்தி, பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே அரைச் சிரிப்புச் சிரித்தான்.

கிருஷிகாவின் விசில் அலறியது.

அவன் பதறிப் பிறேக்கை மிதித்தான். வண்டி நின்றது; பெட்டிகள் நிற்கவில்லை. மேல் அடுக்கு வழுகி, அதன் பின்னால் எல்லாம் ஒன்றாக முன்னால் சரிந்தன. பாரம் இழுத்த இழுப்பில் வண்டியின் பின்சில்லுகள் தரையை விட்டு எழும்பின. பிறகு அவை ஈரத்தில் விழுந்து, வண்டி குறுக்கே திரும்பிச் சறுக்கி, ஏத்தத்தின் ஓரத்துச் சிமெந்துக் கட்டோடு இடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டிலுக்சன் ஒரு காலை வெளியே எடுத்தான். குதிக்கப் போகிறான் என்று சுவேதினிக்குத் தெரிந்தது. அவளும் கண்ணாடியில் கையால் அடித்து, குதியுங்கோ, குதியுங்கோ என்றுதான் கத்தினாள்.

"குதியாதீங்கோ அண்ணை" என்று முற்றத்திலிருந்து கிருஷிகாவின் குரல் வந்தது. "காலை உள்ள எடுங்கோ. ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ. மற்றப் பக்கம் சாயுங்கோ."

அவன் காலை உள்ளே இழுத்தான். அடுத்த கணம் வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்து, அதன் இரும்புக் கூரை அந்தச் சிமெந்துக் கட்டின் மேல் 'டங்' என்று உட்கார்ந்தது. அவன் கால் வைக்கப் போன அதே இடத்தில்.

சுவேதினி செருப்பில்லாமல் முற்றத்துக்கு ஓடினாள்.

மன்னார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை. தோளில் அடி, மணிக்கட்டில் சுளுக்கு. உருண்டு வந்த பெட்டி ஒன்று கிருஷிகாவின் கணுக்காலில் பட்டிருந்தது. அவளுக்கும் கட்டுப் போட்டார்கள். கட்டிலில் சாய்ந்திருந்த டிலுக்சன், சுவேதினியைக் கண்டதும் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாத்தனிதானே? நான் அவளைப் பாக்கேல்ல."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"மறந்துபோனன் எண்டு நானாட்டச் சொல்லிட்டன். நீ ஒண்டும் கதையாத. சனம் உன்னைத்தான் சிரிக்கும்."

சனிக்கிழமை காலை மூவரையும் சரிபுதீன் நானா தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னலால் பார்த்தவள் என்பதால் சுவேதினியையும். உள்ளே போனதும், சுளுக்கிய கையோடு டிலுக்சன் கதிரை ஒன்றை இழுத்துக் கிருஷிகாவுக்குக் கொடுத்தான். காலில் கட்டோடு நிற்கிறவளுக்குக் கதிரை கொடுப்பது நியாயம்தான். அப்படியும் சுவேதினியின் நெஞ்சுக்குள் அந்தப் பழைய ஊசி ஒரு தரம் குத்தி எடுத்தது.

"மறந்திட்டன் எண்டு எழுதட்டோ, தம்பி?" என்றார் சரிபுதீன் நானா.

"ஓம், நானா."

"கொழும்பால வந்து ஒரு நாளும் மறக்காத ஆள். நேற்று மட்டும் மறந்தனீர்."

டிலுக்சன் நிலத்தைப் பார்த்தான்.

"பிறேக் பழுதெண்டா சொல்லும், மெசினைத் திருத்தலாம். லொறிக்காரன் அவசரப்படுத்தினவன் எண்டா சொல்லும், அவனோட நான் கதைக்கிறன். மறதியைத் திருத்த என்னட்டச் சாவி இல்லை. இண்டைக்கு மறந்த ஆள் நாளைக்கும் மறப்பார். நாளைக்கு இந்தப் பிள்ளையின்ர காலோட போகாது." அவர் கையை நீட்டினார். "கார்டை வைச்சிட்டுப் போம். ஐஸ் அறையில வேலை இருக்கு."

டிலுக்சன் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்தான். படத்தில் அவன் கல்யாணச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையை மினுக்கிக் கொடுத்தது சுவேதினி. கார்டை மேசையில் வைத்தும் அவன் விரல் அதன் மேலிருந்து எடுபடவில்லை.

ஐஸ் அறை ஏத்தத்திலிருந்து தொலைவு. அங்கே கிருஷிகா இல்லை, விசில் இல்லை. ஐஸ் வாரிக் கொட்டுவதற்கு எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியதில்லை. இரண்டு கிழமையாக அவள் மாதாவிடம் கேட்டது இதைத்தான். பேசாமல் நின்றால் போதும், கேட்டது கிடைத்துவிடும். திரும்பவும் தாழ்வுபாட்டில் கேலிச் சத்தம் தொடங்கும். கடலும் சரிவரேல்ல, கரையும் சரிவரேல்ல என்பார்கள். அவன் "ம்" என்று கேட்டுக்கொண்டு நடப்பான். அவள் பெயரை மட்டும் சொல்ல மாட்டான்.

"அவர் மறக்கேல்ல, நானா."

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"சுவேதி" என்றான் டிலுக்சன்.

"நான்தான் முன்னுக்குப் பாத்து இறங்கச் சொன்னனான். பேசாமல் இருந்து, சாதிச்சுச் செய்ய வைச்சனான்."

"ஏன் பிள்ளை?" என்றார் சரிபுதீன் நானா.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் நாளைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும். ரிஸ்னா உண்மையாகவே ஒரு விசில் வாங்கி வருவாள்.

"பின்பக்கமா இறங்கினா கிருஷிகாவைப் பாக்கவேண்டி இருக்கும். அதால."

கிருஷிகா வாயைத் திறந்தபடி இருந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று சுவேதினி நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை, முகம் சிவந்துவிட்டது.

"என்னையோ? அக்கா, அவர் பாக்கிறது என்ர கையை. கை 'வா' எண்டா வருவார், 'நில்' எண்டா நிப்பார். என்னைப் பாராமல் இறங்கினா நான் செத்துப்போவன். அவர் பாக்கோணும் எண்டுதான் எனக்கு மஞ்சள் அங்கியே தந்து வைச்சிருக்கினம்."

"பொறுங்கோ" என்றார் சரிபுதீன் நானா. டிலுக்சன் கிருஷிகாவுக்கு முதுகு காட்டி நின்றான். "தம்பி, திரும்பாமல் சொல்லும். இந்தப் பிள்ளை மூக்குத்தி போட்டிருக்கோ, இல்லையோ?"

டிலுக்சன் யோசித்தான். பரீட்சையில் பாடமாக்காத கேள்வி வந்தவனைப் போல நெற்றியைச் சுருக்கினான்.

"வலது கையில கறுத்தக் கயிறு கட்டியிருக்கிறா" என்றான் கடைசியில். "மற்றது தெரியாது, நானா."

கிருஷிகாவின் மூக்கில் சிவப்புக் கல் வைத்த மூக்குத்தி மினுங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் கடைசி மேசையிலிருந்தே தெரிகிற அளவு பெரியது.

சரிபுதீன் நானா தாடியைத் தடவிச் சிரிப்பை மறைத்தார். பிறகு மேசையிலிருந்த கொப்பியைச் சரித்துப் பிடித்து, அதன் மேல் தீப்பெட்டி ஒன்றை வைத்துச் சுவேதினியைப் பார்த்தார். "பெட்டி எல்லாம் இரும்புக் கையில சும்மா படுத்திருக்கிற சாமான், பிள்ளை. மேல்பக்கம் இருந்தா வண்டியில சாஞ்சுகொண்டு வரும். கீழ்ப்பக்கம் இருந்தா அதைப் பிடிக்க ஒண்டுமில்லை." தீப்பெட்டி வழுகி அவள் காலடியில் விழுந்தது. "இதைத்தான் இவருக்கு மூண்டு நாளாப் படிப்பிச்சவங்கள். வீட்டில சொல்லேல்லையோ?"

"புரியாணி தந்தவங்கள் எண்டு சொன்னவர்."

இப்போது கிருஷிகா சிரித்தாள். அந்தச் சத்தம் மண்டபம்வரை கேட்டிருக்கும்.

"மனுசி சொன்னதெண்டு ரூலை முறிச்சது மறதியை விடப் பெரிய பிழை" என்றார் அவர், குரலை இறுக்கி. "ஆனா இதைத் திருத்தலாம். ரெண்டு கிழமை மெசின் இல்லை. பிறகு எனக்கு முன்னால பாரத்தோட பத்துத் தரம் இறங்கிக் காட்டோணும். சரியெண்டா கார்டு. அந்த மண்டபத்து ஜன்னலுக்கு நாளைக்கே வெள்ளைப் பெயின்ற் அடிக்கச் சொல்றன்."

"ஜன்னலுக்கு ஏன், நானா?" சுவேதினி கேட்டாள்.

"கிருஷிகா சொன்னவ. வண்டி இறங்கேக்க இவர் பாத்தது ஜன்னலைத்தானே."

வெளியே வந்ததும் சுவேதினி கிருஷிகாவின் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தாள்; வந்த வார்த்தை வேறு. "கால் நோகுதோ?"

"நோகுது. அம்மா திரும்பப் பணியாரம் சுடுவா, அக்கா. இந்தமுறை கழுதைக்குக் குடாதீங்கோ. நான் கண்டனான்."

வீட்டுக்கு மோட்டார் சைக்கிளைச் சுவேதினி ஓட்டினாள். டிலுக்சன் சுளுக்கிய கையோடு பின்னால் உட்கார்ந்தான். முதல் தடவையாக அவளுடைய பின்தலை அவனுக்குக் கிடைத்தது. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"கயிறு என்ன நிறம் எண்டனீங்கள்?"

"கறுப்பு."

"அதை எப்பிடிக் கண்டனீங்கள்?"

"கையைத்தானே பாக்கிறது, சுவேதி."

"சும்மா கேட்டனான்."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று படித்துவிட்டிருந்தான். நல்ல கையை அவளுடைய இடுப்பில் வைத்துக்கொண்டான். கொஞ்சத் தூரம் போனதும், கேட்காமலே பேசினான்: முதல் நாள் டயர்களைப் பற்றிச் சொன்னார்கள், இரண்டாம் நாள் சரிவில் ஏன் வளைக்கக் கூடாது என்று சொன்னார்கள், வண்டி சரிந்தால் குதிக்கிறவன்தான் நசிவான் என்று ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். நான்கு வருடத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

இரண்டு கிழமை கழித்து, பத்துத் தரமும் சரியாக இறங்கிக் காட்டிக் கார்டைத் திரும்ப வாங்கிய மறுநாள், அவன் ஏத்தத்துக்குப் போனான். ஜன்னல் வெள்ளையாக இருந்தது. வெளியே நடக்கிற ஒன்றும் தெரியவில்லை. ரிஸ்னா வாங்கி வந்த சிவப்பு பிளாஸ்டிக் விசில் மேசை நடுவில் மூன்றாவது நாளாகக் கிடந்தது.

பீப் பீப் என்று வண்டி ஏறியது. பிறகு குளிர் அறைக்குள் போய்ச் சத்தம் நின்றது.

சுவேதினியின் கைகள் நண்டின் மேல் அப்படியே நின்றன. இனி அவன் வெளியே வர வேண்டும். வெளியே அவள் நிற்கிறாள். மூக்குத்தி, மஞ்சள் அங்கி, கறுத்தக் கயிறு. இவன் அவளைத்தான் பார்த்து இறங்க வேண்டும், கண் வெட்டாமல். பாரடா என்று மனதுக்குள் சொன்னாள். வேறெங்கும் பாராதே, அவளையே பார்.

எதிரே ரிஸ்னா கண்ணை உருட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறுகிய விசில் ஒன்று. அதன் பின்னால் மெல்ல, ஒழுங்காக, பீப் பீப் என்று சத்தம் ஏத்தத்தால் கீழே இறங்கி வந்தது. அடிவரை வந்து சேர்ந்தது.

"ஒண்டு" என்று எண்ணினாள் சுவேதினி. நண்டின் ஓட்டைப் பிரித்துச் சதையை எடுத்தாள். நல்ல சதை, ஓடு கலக்காமல் வந்தது. என்றாலும் அந்தக் கயிற்றை மட்டும் அவள் ஒரு நாள் கிருஷிகாவிடம் அவிழ்த்துவிடச் சொல்லத்தான் போகிறாள்.